கயிற்றை இறுகக் கட்டுங்கள்

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

ஹிஜ்ரி 1445-ஆம் ஆண்டு, ஷவ்வால் மாதத்தின் முதல் வாரம். நோன்புப் பெருநாளின் மகிழ்ச்சி இன்னும் வீடுகளை விட்டு நீங்கவில்லை. அரபு நாடுகளில் குளிர்காலம் விடைபெற்றுக் கோடை தலைகாட்டும் அந்த வசந்தப் பருவத்தில், மேகம் திடீரெனத் திரண்டு கொட்டித் தீர்ப்பது புதிதன்று. ஆயினும் அந்த வாரம் பெய்தது வழக்கமான மழையன்று.

2024 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை. ஓமன் நாட்டின் வடக்கு ஷர்க்கிய்யா மாகாணத்தில் ஸமத் அஷ்ஷான் என்னும் ஊர்ப்பக்கம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றி வந்த வாகனம் ஒன்றை வாதியில் பாய்ந்து வந்த வெள்ளம் அடித்துச் சென்றது. பத்துப் பிள்ளைகள் மாண்டார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஓமனில் மட்டும் அந்த மழையில் இறந்தோர் ஏறத்தாழ இருபது பேர்.

இரண்டு நாள் கழித்து, 16-ஆம் தேதி, ஐக்கிய அரபு அமீரகம். அல்ஐன் பகுதியில் கத்முஷ் ஷக்லா என்னுமிடத்தில் 24 மணி நேரத்துக்குள் 254.8 மில்லிமீட்டர் மழை பெய்தது. 1949-இல் அங்கே மழைக் கணக்கு எழுதத் தொடங்கியது முதல் இத்தகைய மழையை அந்நாடு கண்டதில்லை. துபாய் விமான நிலையத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யக்கூடிய மழையைக் காட்டிலும் அதிகமாக ஒரே நாளில் பெய்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் நின்றுபோயின. ராஸ் அல் கைமாவில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் தம் காரோடு வாதி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். அதே நாட்களில் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் மழையும் இடியும் பல உயிர்களைக் கொண்டு சென்றன. வயலில் கோதுமை அறுத்துக் கொண்டிருந்த குடியானவர்கள் இடி விழுந்து மாண்டார்கள். மறுமாதம் 10-ஆம் தேதி ஆப்கானிஸ்தானின் பக்லான் மாகாணத்தில் பாய்ந்த வெள்ளத்தில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

நம்மவர் வீடுகளில் அந்த வாரம் தொலைபேசி ஓயவில்லை. மகன் அங்கே, மருமகன் அங்கே, கூடப்பிறந்தவர் அங்கே. "தண்ணீர் அறைக்குள் வந்துவிட்டதா? வண்டி எங்கே நிற்கிறது? சாப்பிட்டாயா?" இவைதாம் எல்லா வீட்டிலும் கேட்ட கேள்விகள்.

ஒரு பெரியவரின் இரு கேள்விகள்

அந்த வாரத்து ஜும்ஆவில் நாம் ஆது கூட்டத்தாரைப் பற்றிப் பேசினோம். வானளாவக் கட்டிடம் எழுப்பினார்கள், ஆடம்பரத்தில் மூழ்கினார்கள், அல்லாஹ்வின் தண்டனை மேகத்தின் உருவில் வந்தது என்று சொல்லி, அந்த வாரத்து வெள்ளத்தையும் அதனோடு சேர்த்துப் பேசிவிட்டோம். கேட்டவர்கள் தலையசைத்தார்கள். நமக்கும் நன்றாகப் பேசியதாகவே தோன்றியது.

தொழுகை முடிந்து கூட்டம் கலைந்த பின் பெரியவர் ஒருவர் தூணோரம் காத்திருந்தார். அருகில் வந்து, "ஹஜ்ரத், ஒண்ணு கேக்கலாமா? எம் மவன் அங்கதான் வண்டி ஓட்டுறான். நீங்க சொன்னதெல்லாம் கேட்டேன். அந்தப் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க என்ன பாவம் செஞ்சிச்சுங்க?" என்று கேட்டார்.

நம்மிடம் உடனே பதில் இல்லை. பெரியவர் நம்மை மடக்குவதற்காகக் கேட்கவில்லை என்பது அவர் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. அவரே தொடர்ந்தார்: "இன்னொண்ணு. போன்ல அவன்ட்ட, தண்ணி ஓடுற எடத்துல வண்டிய எறக்காதடான்னு சொன்னேன். 'எழுதினதுதானே வாப்பா நடக்கும்'ங்கிறான். அதுக்கும் நீங்கதான் ஹஜ்ரத் ஒரு பதில் சொல்லணும்."

இரண்டும் சாதாரணக் கேள்விகள் அல்ல. முதலாவது, நாம் பிறரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாமா என்பது. இரண்டாவது, நம் உயிரைப் பற்றி நாம் அசட்டையாக இருக்கலாமா என்பது. அன்று பெரியவருக்குச் சொல்ல இயலாமற்போன பதிலைக் கிதாபுகளைப் புரட்டிப் பார்த்த பின் இங்கே எழுதுகிறோம்.

மேகத்தைக் கண்டால் நாயகம் என்ன செய்தார்கள்?

ஆது கூட்டத்தார் கதை திருக்குர்ஆனில் ஸூரத்துல் அஹ்காஃபில் வருகிறது. தங்கள் பள்ளத்தாக்கை நோக்கி வந்த மேகத்தைக் கண்டு, நமக்கு மழை தரவந்த மேகம் என்று அவர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் அதிலே இருந்ததோ நோவினை தரும் காற்று. நாம் மிம்பரில் சொன்னது இவ்வளவுதான். சொல்ல மறந்தது ஒன்று உண்டு.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரீயிலும் முஸ்லிமிலும் உள்ளது. காற்றையோ கருமேகத்தையோ கண்டால் எம்பெருமானார் (ஸல்) அவர்களின் திருமுகத்தில் கவலை தெரியும். மக்கள் மேகத்தைக் கண்டு மழை வருமென்று மகிழ்கிறார்களே, தங்கள் முகத்தில் மட்டும் ஏன் இந்த வாட்டம் என்று அன்னையவர்கள் கேட்டார்கள். அதில் வேதனை இருக்காது என்று எனக்கு உறுதி சொல்வது யார், ஒரு கூட்டத்தார் காற்றினால் வேதனை செய்யப்பட்டார்களே என்ற கருத்துப்பட நாயகம் (ஸல்) அவர்கள் விடை பகர்ந்தார்கள்.

இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஆது கூட்டத்தாரை நாயகம் (ஸல்) அவர்கள் எப்போது நினைவுகூர்ந்தார்கள்? தம் தலைக்கு மேலே மேகம் திரண்டபோது நினைவுகூர்ந்தார்கள். தமக்காகவும் தம் உம்மத்துக்காகவும் அஞ்சினார்கள். அடுத்த ஊரில் வெள்ளம் வந்தது, ஆகவே அவ்வூரார் பாவிகள் என்று சுட்டு விரலை நீட்டுவதற்கு அந்த ஆயத்தை அவர்கள் எடுத்தாளவில்லை. ஆது கூட்டத்தாரின் வரலாறு நம் முகத்தை நாமே பார்ப்பதற்காக அருளப்பட்ட கண்ணாடி. அதைத் திருப்பிப் பிறர் முகத்தில் பிடித்தது நம் தவறு. அல்லாஹ் மன்னிப்பானாக.

நீரில் மூழ்கி இறப்பவர் ஷஹீதுகளின் அந்தஸ்தை அடைகிறார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் நன்மாராயம் கூறியிருப்பது ஸஹீஹான ஹதீஸ்களில் உள்ளது. பருவமடையாத பிள்ளைகள் மீதோ குற்றமே எழுதப்படுவதில்லை. அவ்வாறிருக்க, பள்ளிக்கூடப் பையோடு போன அந்தப் பச்சிளம் பிள்ளைகளைப் பற்றி நாம் பேசத் தகுந்த பேச்சு, அவர்களின் பெற்றோருக்குப் பொறுமையைக் கேட்கும் துஆ ஒன்றுதான். 2023 டிசம்பரில் தென்மாவட்டங்களில் பெருமழை பெய்து, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது, நம் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது, நம்மை யாரேனும் பாவிகள் என்று சொல்லியிருந்தால் நம் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்!

மனிதனின் கைகள் செய்ததன் காரணமாகத் தரையிலும் கடலிலும் கேடு தோன்றியது என்று ஸூரத்துர் ரூம் எச்சரிப்பது உண்மை. பாவமன்னிப்புத் தேட வேண்டியதும் உண்மை. ஆனால் அந்தத் தவ்பா நம்முடைய பாவத்துக்காக நாம் செய்யும் தவ்பாவாக இருக்கட்டும்.

தபூக்கில் ஓர் இரவு

இனி இரண்டாம் கேள்வி. எழுதினதுதானே நடக்கும் என்று சொல்லிக்கொண்டு வெள்ளத்தில் வண்டியை இறக்கலாமா?

ஹிஜ்ரி 9-ஆம் ஆண்டு நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர்களோடு தபூக்குக்குச் சென்றார்கள். அங்கே நிகழ்ந்ததை அபூ ஹுமைத் அஸ்ஸாஇதீ (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இது உண்டு. இன்றிரவு கடுங்காற்று வீசும், உங்களில் எவரும் எழுந்து நிற்க வேண்டாம், ஒட்டகம் வைத்திருப்பவர் அதன் கயிற்றை இறுகக் கட்டி வைக்கட்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். அவ்வாறே அன்றிரவு கடுங்காற்று வீசியது. ஒருவர் எழுந்து நின்றார். காற்று அவரைத் தூக்கிச் சென்று தய்யி கூட்டத்தாரின் மலைகளில் எறிந்துவிட்டது.

அன்பர்களே, புயல் வருமுன் பாசறை முழுவதற்கும் கொடுக்கப்பட்ட எச்சரிக்கை இது. கொடுத்தவர்களோ ஸையிதுல் முர்ஸலீன். அவர்களை விட அல்லாஹ்வின் மீது தவக்குல் வைத்தவர் யார்? அவர்கள் துஆச் செய்தால் அல்லாஹ் அக்காற்றையே திருப்பியிருக்க மாட்டானா? ஆயினும் அன்றிரவு அவர்கள் தம் தோழர்களுக்குக் கற்றுத் தந்தவை இரண்டு. வெளியே எழாதீர்கள். கயிற்றைக் கட்டுங்கள்.

ஸீரா ஆசிரியர் இப்னு இஸ்ஹாக் அவர்கள் இதையொத்த சம்பவத்தை இன்னும் விரிவாகக் கூறுகிறார்கள். அதன்படி, காற்றில் சிக்கியவர் தம் ஒட்டகத்தைத் தேடி வெளியே சென்றவர். பின்னர் தய்யி கூட்டத்தார் அவரை மதீனாவில் கொண்டு சேர்த்தார்கள். ஒட்டகத்தைத் தேடுவது பாவமான காரியமா? இல்லை. அது நியாயமான தேவை. ஆபத்தான வேளையில் வெளியே போகும் எவரும் ஒரு நியாயமான தேவையைச் சொல்லிக்கொண்டே போகிறார். "டூட்டிக்கு நேரமாகிவிட்டது", "பிள்ளைகளை வீட்டில் விட வேண்டும்", "எப்போதும் போகிற வழிதானே." காற்று காரணம் கேட்பதில்லை.

வானிலை அறிக்கை மறைவான ஞானமா?

நம்மில் சிலருக்கு வேறொரு சந்தேகம் உண்டு. மழை எப்போது பெய்யும் என்பது அல்லாஹ்வுக்கு மட்டுமே தெரியும் என்று ஸூரா லுக்மானின் இறுதியில் வருகிறதே, வானிலை நிலையத்தார் சொல்வதை நம்புவது ஈமானுக்குப் பங்கமாகாதா என்று கேட்கிறார்கள்.

ஆகாது. மழைக்கு முன்னே காற்றைச் சுபச் செய்தியாக அனுப்புவதாக ஸூரத்துல் அஃராஃபில் அல்லாஹ்வே கூறுகிறான். முன்செய்தி அனுப்பப்படுகிறது என்றால் அதைப் படிப்பதற்கு ஆள் வேண்டுமல்லவா? காற்றின் திசையையும் அழுத்தத்தையும் மேகத்தின் போக்கையும் அளந்து, இன்னது நடக்கக்கூடும் என்று மதிப்பிடுவதே வானிலை அறிக்கை. நாடி பிடித்துப் பார்த்து நோயைச் சொல்லும் வைத்தியர் மறைவான ஞானத்தைக் கோருவதில்லை. இதுவும் அவ்வாறே. அந்த அறிக்கை சில சமயம் பலிக்காமற்போவதே, உறுதியான ஞானம் அல்லாஹ்விடம் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி. "போன தடவை சிவப்பு எச்சரிக்கை போட்டார்கள், ஒரு தூறல்கூட இல்லை" என்று ஏளனம் செய்து அடுத்த எச்சரிக்கையைப் புறக்கணிப்பவர், பத்துத் தடவை பூட்டியும் திருடன் வரவில்லை என்று பதினோராவது இரவு வாசலைத் திறந்து போட்டு உறங்குபவருக்கு ஒப்பானவர்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ஹுதைபிய்யாவில் ஒரு மழை இரவுக்குப் பின், மழை அல்லாஹ்வின் அருளால் பெய்தது என்று சொன்னவரே ஈமான் கொண்டவர், நட்சத்திரத்தால் பெய்தது என்றவர் அவ்வாறல்லர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். அறிக்கையை நம்பி ஜாக்கிரதையாக இருப்போம். மழையைத் தருபவன் அல்லாஹ் என்பதில் உறுதியாக இருப்போம். இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்கலாம்.

வாதியின் இரு கரைகள்

எழுதினதுதான் நடக்கும். இதில் ஐயமில்லை. கழா கத்ரை ஈமான் கொள்வது நம்மீது கடமை. ஆனால் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பது நமக்கு எழுதிக் காட்டப்படவில்லை. நமக்குக் காட்டப்பட்டிருப்பது ஏவலும் விலக்கலும் மட்டுமே. உங்கள் கைகளாலேயே உங்களை அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்ற கருத்தை ஸூரத்துல் பகரா விலக்கலாகவே தருகிறது.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் புறப்பட்டு ஸர்க் என்னும் இடத்தை அடைந்தபோது, முன்னே கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி கிடைத்தது. ஆலோசனை கலந்து, திரும்பிவிடுவதென்று முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். பெரியவரின் மகன் சொன்ன அதே வாதம்! உமர் (ரலி) அவர்கள் என்ன பதில் சொன்னார்கள்? ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே ஓடுகிறோம் என்றார்கள். பிறகு ஓர் உதாரணம் சொன்னார்கள். உம்மிடம் ஒட்டகங்கள் இருந்து, ஒரு வாதியில் இறங்குகிறீர். அதன் ஒரு கரை செழித்திருக்கிறது, மறு கரை வறண்டு கிடக்கிறது. செழித்த கரையில் மேய்த்தாலும் அல்லாஹ்வின் விதிப்படிதான், வறண்ட கரையில் மேய்த்தாலும் அல்லாஹ்வின் விதிப்படிதானே என்பது அதன் கருத்து.

அமீருல் முஃமினீன் அவர்கள் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டதும் ஒரு வாதியைத்தான்! வெள்ளம் பாயும் வாதியின் கரையில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தாலும் அது கத்ருதான். இறக்கி மாண்டாலும் அது கத்ருதான். இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்தாய் என்பதே நாளை நம்மிடம் கேட்கப்படும்.

நபி நூஹ் (அலை) அவர்களின் மகனை நினைத்துப் பாருங்கள். கப்பலில் ஏறு மகனே என்று தந்தை அழைக்கிறார்கள். மலை மீது ஏறிக்கொள்வேன், அது என்னைக் காக்கும் என்கிறான். ஸூரா ஹூதில் அந்தப் பேச்சு முடிவதற்குள் அலை குறுக்கிடுகிறது. அவன் குஃப்ரில் இருந்தவன். நாம் ஈமான் கொண்டவர்கள். ஆகவே அவனோடு நம்மை ஒப்பிடவில்லை. ஆனால் "என் வண்டி பெரிய வண்டி, இந்தத் தண்ணீர் என்ன செய்யும்" என்று நாம் நினைக்கும் நேரத்தில் நமக்கும் ஒரு மலை இருக்கிறது என்பதை மறுக்க முடியுமா?

தண்ணீரின் பலம்

வாதி என்பது ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் காட்டாற்றுப் படுகை. பல இடங்களில் சாலையே அதன் குறுக்கே இறங்கி ஏறும். ஓமனுக்கும் அமீரகத்துக்கும் பொதுவான ஹஜர் மலைத்தொடர் பாறை மலை. அங்கே பெய்யும் மழையை மண் உறிஞ்சுவதில்லை. பல ஓடைகளாக இறங்கி ஒரே வாதியில் சேர்ந்து, மழையே பெய்யாத இடத்துக்கும் சுவர் போலப் பாய்ந்து வரும். தலைக்கு மேலே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வருவது இப்படித்தான்.

வேகமாக ஓடும் நீர் கணுக்காலுக்குச் சற்று மேலே, 15 சென்டிமீட்டர் இருந்தாலே வளர்ந்த மனிதரைக் கீழே தள்ளிவிடும். 30 சென்டிமீட்டர் இருந்தால் சிறிய காரை இழுத்துச் செல்லும். 60 சென்டிமீட்டர் இருந்தால் பெரிய வண்டிகளையும் மிதக்க வைத்துக் கொண்டு போகும். அமெரிக்க வானிலைத் துறையார் தம் மக்களுக்கு ஆண்டுதோறும் சொல்லிவரும் கணக்கு இது. அந்நாட்டில் வெள்ளத்தில் மூழ்கி இறப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் வண்டியை வெள்ளத்துக்குள் ஓட்டிச் சென்றவர்களே என்பது அவர்கள் கண்ட உண்மை.

எச்சரிக்கை நிறங்களை வீட்டிலுள்ள பெண்களும் பிள்ளைகளும் அறிந்திருப்பது நலம். மஞ்சள் என்றால் செய்தியைக் கவனித்துக்கொண்டிரு. ஆரஞ்சு என்றால் ஆயத்தமாயிரு. சிவப்பு என்றால் தாமதியாமல் பாதுகாப்புக்கானதைச் செய். அமீரகத்தில் 2023 முதல், வெள்ளம் பாயும் வாதிக்குள் வண்டியை ஓட்டினால் 2,000 திர்ஹம் அபராதமும், 60 நாள் வண்டிப் பறிமுதலும் உண்டு. மழை நேரத்தில் வாதியோரம் வேடிக்கை பார்க்கக் கூடினாலே 1,000 திர்ஹம் அபராதம். உயிரைக் காப்பதற்காக இடப்பட்ட இத்தகைய சட்டத்தைப் பேணுவது மார்க்கத்துக்கும் உகந்ததே.

எச்சரிக்கை ஓர் அமானிதம்

தன்னுயிருக்கு மட்டும் ஒருவர் பொறுப்பாளி அல்லர். நீங்கள் ஒவ்வொருவரும் மேய்ப்பாளர், தம் மந்தையைப் பற்றி விசாரிக்கப்படுவீர் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. ஸமத் அஷ்ஷானில் அந்த வாகனத்தை ஓட்டியவரை விசாரிக்க நாம் வரவில்லை. அது நம் வேலையன்று. நம் கையில் இருக்கும் மந்தையைப் பற்றியே பேசுகிறோம்.

நம்மில் தொழில் நடத்தும் முதலாளிகள் உண்டு. சிவப்பு எச்சரிக்கை வந்த நாளில், "சரக்கு போய்ச் சேர்ந்தே ஆகவேண்டும்" என்று ஓட்டுநரை அனுப்பினால், சம்பளத்துக்கு அஞ்சி அவர் மறுக்கமாட்டார். அவருக்கு நேரும் தீங்கில் முதலாளிக்கும் பங்கு உண்டு. ஒரு நாள் வியாபாரத்தை விட ஒரு முஃமினின் உயிர் அல்லாஹ்விடம் கனமானது. 2024 ஏப்ரல் 16 அன்று அமீரக அரசே தன் ஊழியரை வீட்டிலிருந்தே பணியாற்றச் சொல்லவில்லையா?

வீட்டில் இருப்போருக்கும் பொறுப்பு உண்டு. "இன்றைக்கே பணம் அனுப்பிவிடு", "இன்றைக்கே அந்தச் சாமானைக் கொடுத்துவிடு" என்று மழை நாளில் பிள்ளைகளை நெருக்காதீர்கள். மாறாக, "இன்று என்ன நிறம்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி துஆவுக்கு அடுத்தபடியாக உங்கள் பிள்ளைக்குப் போடும் அரண்.

நம் போன்ற இமாம்களுக்கும் பொறுப்பு உண்டு. ஒரு மழைநாள் ஜும்ஆவில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் முஅத்தினை அழைத்து, தொழுகைக்கு வாருங்கள் என்று அழைக்கும் இடத்தில், உங்கள் இல்லங்களிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று சொல்லப் பணித்தார்கள். மக்கள் வியந்து பார்த்தார்கள். என்னினும் மேலானவர்கள் இவ்வாறு செய்திருக்கிறார்கள், சேற்றிலும் வழுக்கலிலும் உங்களை நடக்கவைக்க நான் விரும்பவில்லை என்ற கருத்துப்பட அவர்கள் விளக்கினார்கள். நாயகம் (ஸல்) அவர்களைத்தான் அவர்கள் சுட்டினார்கள். வெறும் சேற்றுக்கே இந்தச் சலுகை என்றால் வெள்ளத்துக்கு எப்படி! கடும் மழை ஜமாஅத்துக்குச் செல்லாதிருக்க உஸ்ர் என்பதை ஹனஃபீ, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளும் ஒப்புக்கொள்கின்றன. மழைக்காகப் பள்ளியில் இரு வக்துகளை முற்படுத்திச் சேர்த்துத் தொழுவதை ஷாஃபிஈ மத்ஹப் நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. ஹனஃபீ மத்ஹபில் அது இல்லை. தத்தம் மஹல்லா ஆலிமிடம் கேட்டுத் தெளிக.

இறுதியாக வதந்தி. அந்த வாரத்தில் மேகத்தில் மருந்து தூவியதால்தான் துபாய் மூழ்கியது என்ற பேச்சு வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் பரவியது. அந்தப் புயலின்போது அவ்வாறு எதுவும் செய்யவில்லை என்று அமீரக வானிலை மையம் மறுத்தது. மேகத்தில் உப்புத் தூவி அத்தனை பெரிய மழையைக் கொண்டுவர இயலாது என்று வானிலை அறிஞர்களும் விளக்கினர். அமைதியைப் பற்றியோ அச்சத்தைப் பற்றியோ செய்தி வந்தால் அதைப் பரப்பித் திரிவோரை ஸூரத்துந் நிஸா கண்டிக்கிறது. அதைப் பொறுப்பில் உள்ளோரிடம் சேர்த்திருந்தால் ஆராய்ந்து அறியக்கூடியவர்கள் அறிந்திருப்பார்கள் என்றும் கூறுகிறது. மெய்யான எச்சரிக்கையைத் தடுப்பது போலவே பொய்யான எச்சரிக்கையைப் பரப்புவதும் அமானித மோசடிதான்.

அணையும் கட்டினார்கள், துஆவும் கேட்டார்கள்

உமர் (ரலி) அவர்களின் காலத்தில், ஹிஜ்ரி 17-இல், உம்மு நஹ்ஷல் வெள்ளம் என்று பெயர்பெற்ற பெருவெள்ளம் மக்காவில் புகுந்து மகாமு இப்ராஹீமையே இடம்பெயர்த்துவிட்டது. செய்தி கேட்டு உமர் (ரலி) அவர்கள் மதீனாவிலிருந்து விரைந்து வந்தார்கள். மகாமை அதன் இடத்தில் நிறுத்தினார்கள். அத்துடன் நிற்காமல், வெள்ளம் மறுபடி ஹரமுக்குள் புகாதிருக்க மேட்டுப் பகுதியில் கல்லணை எழுப்பினார்கள். வரலாற்றாசிரியர் அஸ்ரகீ அவர்கள் இதைப் பதிந்துள்ளார்கள். அல்லாஹ்வின் ஆலயத்துக்கே அணை கட்டியவர்கள் தவக்குலில் குறைந்தவர்களா?

துஆவையும் அவர்கள் விடவில்லை. மதீனாவில் பஞ்சம் நேர்ந்தபோது ஒருவர் ஜும்ஆ குத்பாவின் நடுவே வந்து மழை வேண்டினார். நாயகம் (ஸல்) அவர்கள் கையேந்தினார்கள். ஒரு வாரம் சூரியனே தெரியாத அளவு மழை. மறு ஜும்ஆவில், வழிகள் அடைபட்டன, பொருள்கள் அழிகின்றன என்ற முறையீடு வந்தது. மழையே வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்கவில்லை. எங்களைச் சுற்றிலும் பொழியட்டும், எங்கள் மீது வேண்டாம், குன்றுகளிலும் பள்ளத்தாக்குகளிலும் மரம் முளைக்கும் இடங்களிலும் பொழியட்டும் என்னும் கருத்துப்படக் கேட்டார்கள். ரஹ்மத்தை மறுக்காமல் அதன் இடத்தில் கேட்ட அந்த அதபை நாமும் கற்றுக்கொள்ள வேண்டும். மழை பெய்யும்போது, இதைப் பயனுள்ள மழையாக ஆக்குவாயாக என்று கேட்பது ஸுன்னத்து.

அந்தப் பெரியவரை அடுத்த வெள்ளிக்கிழமை சந்தித்து, ஆது கூட்டத்தாரைப் பற்றி நாம் சொன்னதைத் திருத்திக்கொண்டோம். மிம்பரிலும் திருத்திச் சொன்னோம். தபூக் இரவையும் ஸர்க் சம்பவத்தையும் அவர் கேட்டுக்கொண்டு போனார். மே 2-ஆம் தேதி அமீரகத்தில் மீண்டும் கனமழை பெய்தது. மறுநாள் ஜும்ஆவுக்குப் பின் பெரியவர் வந்தார். "ஹஜ்ரத், நேத்து மவன் போன் போட்டான். 'வாப்பா, கயித்த கட்டிட்டேன், வண்டி நிக்கிது'ன்னான்" என்று சொல்லிவிட்டு, ஸலாம் கூறிச் சென்றார்.

யா அல்லாஹ்! வெள்ளத்தில் மாண்ட அந்தப் பிள்ளைகளை அவர்களின் பெற்றோருக்கு மறுமையின் சேமிப்பாக ஆக்குவாயாக! வீடு இழந்தோருக்கு வீட்டைத் தருவாயாக! கடல் கடந்து உழைக்கும் எங்கள் மக்களைக் காற்றிலும் வெள்ளத்திலும் காப்பாயாக! வரும் எச்சரிக்கையைக் கேட்கும் செவியையும், கேட்டபடி நடக்கும் தௌஃபீக்கையும், நடந்த பின் உன்மீது சாயும் தவக்குலையும் எங்களுக்கு நல்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.